பௌர்ணமி லீவு

எங்கள் ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு சில வாரம் கிடைக்கும், சில வாரம் கிடைக்காது. பௌர்ணமி லீவு மட்டும் தவறாது. சென்னையில் தலைமை ஆபீசில் இருந்தவர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"மாசா மாசம் சாமி கும்பிட லீவா?" என்று மேலாளர் போனில் கேட்பார்.

"சாமிக்கு இல்ல சார், ரோடு இருக்காது சார்" என்போம்.

உண்மையும் அதுதான். பௌர்ணமி அன்று மலையைச் சுற்றிக் கிரிவலம் வரும் கூட்டத்தால் ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். பஸ்ஸெல்லாம் வெளியே போட்டிருக்கும் தற்காலிக நிலையத்தோடு திரும்பிவிடும். வேங்கிக்காலில் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபீசுக்கு அன்று வந்து சேருவதும் கஷ்டம், திரும்பிப் போவது அதைவிடக் கஷ்டம். ஆகவே முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவோம்.

அந்த இரண்டாவது மாடிக்குத் தளம் போட்டபோது சென்ட்ரிங் அடித்த ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய கட்டடங்களில் பாதிக்கு அவர் பலகை அடித்திருப்பார். எனக்கு வேலை கிடைத்த அன்று, "எந்த பில்டிங்?" என்று கேட்டார். சொன்னேன். "அது நல்ல பில்டிங்குடா. கம்பி ஜாஸ்தி போட்டிருக்கு" என்றார். அதற்கு மேல் என் வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான் ஒருவன்தான். கேட்டிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

இப்போது சொல்லிப் பார்க்கிறேன். பஸ் கண்டக்டர்களும் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிறவர்களும் கையில் வைத்திருப்பார்களே, தடியான போன் மாதிரி ஒரு கருவி, அதற்குள் ஒரு வைஃபை சிப் இருக்கிறது. அந்தச் சிப்பையும் கருவியின் இயங்குதளத்தையும் பேசவைக்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். சிப் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர்கள் எழுதிய டிரைவர் பழைய காலத்து இயங்குதளத்துக்கானது. கருவி விற்கிறவர்களுக்கோ இப்போது வந்திருக்கிற மொபைல் இயங்குதளத்தில் அது ஓட வேண்டும். முகம் தெரியாத யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்து, அவர்கள் எந்த எண்ணத்தில் எதைச் செய்தார்கள் என்று ஊகித்து, புது இடத்தில் அதே காரியம் நடக்கும்படி மாற்றித் தர வேண்டும். இதற்குப் போர்ட்டிங் என்று பெயர். ஓரிடத்தில் அவர்களில் ஒருவர், 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, கை வைக்காதீர்கள்' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். நாங்கள் கை வைக்க வேண்டியிருந்தது.

நாங்கள் என்றால் நான், அக்கா, சீனியர். சீனியர் பெங்களூரில் பல வருஷம் இருந்துவிட்டு, பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். இரண்டு கம்பெனிகள் மூடப்படுவதைப் பார்த்தவர் என்பதால் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அக்கா என்று நான் கூப்பிடுகிறவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். பரிசோதனை அவர் பொறுப்பு. ஆனால் நான் எழுதியதை என்னைவிட நன்றாகப் படிப்பார். நான் எங்கே தடுமாறுவேன் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பழைய முஸ்லிம் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் அவர். இன்ஜினீயரிங் படித்து நல்ல மார்க் வாங்கி, கல்யாணமாகி, குழந்தை பிறந்து, சில வருஷம் வீட்டோடு இருந்தார். ஊருக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வருகிறது என்று கேள்விப்பட்டு அவரே போன் செய்து இன்டர்வியூ கேட்டாராம். அன்று மாமனார் துணைக்கு வந்து, டைல்ஸ் வாங்க வந்தவர் மாதிரி கீழே கடையில் உட்கார்ந்திருந்தார். இன்டர்வியூ நீண்டுகொண்டே போனது. கடைக்காரர் எடுத்து எடுத்துக் காட்டியதில் எழுந்து வர மனசில்லாமல் பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்கிவிட்டார்.

"என் வேலைக்கு எங்க வீட்ல கெடச்ச மொத ஆதாயம் அந்த டைல்ஸ்தான்" என்று அக்கா சொல்வார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த காலம். அப்புறம் புகார் வர ஆரம்பித்தது. கருவியில் வைஃபை திடீரென்று நின்றுவிடுகிறது. கண்டக்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வருகிறது. எல்லா நாளும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை. எங்கள் மேசையில் அதே கருவி வாரக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அக்கா அதை ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்தார், ஸ்கூட்டி டிக்கியில் போட்டு வெயிலில் சுற்றிப் பார்த்தார். நிற்கவில்லை.

ஒருநாள் மேலாளர் ஸ்பீக்கரில் பேசினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த மாசம் டெலிவரிக்குள்ள இத முடிக்கலன்னா கருவிக்காரங்க வேற சிப்புக்குப் போயிடுவாங்க. சிப்பே போச்சுன்னா அந்த ஆபீஸ வெச்சுக்கறதுக்கு எங்கிட்ட காரணம் இல்ல."

சீனியர் போனை அணைத்தார். எனக்கு வழி இருந்தது. ஆபீசை மூடினால் பையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறுவேன். சீனியருக்கு நிலம் இருந்தது. அக்காவுக்கு இரண்டும் இல்லை.

"எங்க மாமனார் ஒத்துக்கிட்டது வேங்கிக்கால் வரைக்கும்தான் தம்பி. ஸ்கூட்டி போற தூரத்துல இருந்தாதான் எனக்குக் கம்பெனி. அதத் தாண்டினா எனக்கு அது இல்ல" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அழுகையும் இல்லை, குறையும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்த டிரைவர் அக்காவின் வேலையாகத்தான் தெரிந்தது.

அந்த மாதப் பௌர்ணமிக்கு முன்தினம், வழக்கம்போல எல்லாவற்றையும் அணைக்கிறபோது ஒரு கருவியை என் பையில் போட்டுக்கொண்டேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. லீவு நாளில் சும்மா இருக்க மனசு வரவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமியானால் அம்மா வாசலில் மேசை போட்டுச் சுக்கு காபி விற்பார். அன்று நான் கருவியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு, பேப்பர் கப்புகளைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்து கூட்டம் ஏறியது. பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தலைதான். திரும்பிப் பார்த்தால் கருவியில் வைஃபை நின்றிருந்தது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஓடியது. இரண்டு பேருக்குக் காபி கொடுப்பதற்குள் மறுபடி நின்றது.

"இன்னாடா அந்த டப்பாவையே பாத்துனு இருக்க. ஆளுங்க நிக்கறாங்க, கப்பை எடு" என்றார் அம்மா.

"இரும்மா."

"இருந்தா காபி ஆறிடும். அது இன்னாத்துக்கு ஒதவுது?"

"பஸ்ஸுல டிக்கெட் குடுக்க."

"இங்க பஸ்ஸே இல்லியேடா."

கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கொல்லைப் பக்கம் ஓடினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். நிற்காமல் ஓடியது. வாசலுக்கு வந்தேன், நின்றது. மறுபடி கொல்லைக்குப் போனேன். கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் எதிரே நடந்துபோகிறவர்களின் கைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கையிலும் போன். அவ்வளவு கூட்டத்தில் டவர் திணறும். ஒருவருக்குக் கிடைத்த நெட்டைத் தன்னோடு வந்தவர்களுக்குக் கொடுக்க, குடும்பத்துக்கு ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு நடந்தார்கள். என் சொந்த போனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. படிப்பதற்குள் பழையது மறைந்து புதியது வந்தது. நடக்கிற ஜனத்தோடு பட்டியலும் நடந்தது.

வீட்டு வைஃபை வழியாக அக்காவைக் கூப்பிட்டேன். விட்டு விட்டுக் கேட்டது.

"நின்னுடுச்சுக்கா."

"எங்க இருக்க?"

"வீட்டு வாசல்ல."

"நகராத. வீடியோ எடு. இன்னிக்குப் பௌர்ணமிதானே..." சட்டென்று நிறுத்தினார். அவரும் அதே இடத்துக்கு வந்துவிட்டார் என்று புரிந்தது. "நம்ம ஆபீசுக்குப் பௌர்ணமியே வந்தது கெடயாதுல்ல" என்றார்.

மறுநாள் ஆபீசில் சீனியர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் கருவிய டெஸ்ட் பண்ண ஒலகத்துலயே நல்ல எடம் நம்ம ஊரு. நல்ல நாளு பௌர்ணமி. அன்னிக்கு நாம மூணு பேரும் ஷட்டர இறக்கிட்டு வீட்ல பூரி சாப்ட்டுனு இருந்திருக்கோம்." அக்கா சிரிக்கவில்லை.

இடம் தெரிந்ததும் காரணம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. சுற்றிலும் எந்தெந்த வைஃபை இருக்கிறது என்று டிரைவர் ஒரு பட்டியல் எழுதும், இயங்குதளம் அதைப் படிக்கும். பழைய இயங்குதளம் பட்டியலை உடனே நகலெடுத்துக்கொண்டு போய்விடும். புதியது அப்படி இல்லை, நின்று நிதானமாகப் படிக்கும். அது படித்து முடிப்பதற்குள், இடம் நிரம்பிப்போன டிரைவர் அதே பட்டியலின் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்துவிடும். பழையதும் புதியதும் கலந்து வைஃபை நின்றுவிடும். கூட்டம் இல்லாத இடத்தில் பட்டியல் நிரம்பவே நிரம்பாது. அதனால்தான் எங்கள் மேசையில் எதுவும் தெரியவில்லை. 'கை வைக்காதீர்கள்' என்று எழுதியிருந்த இடத்துக்குச் சில வரிகள் கீழேதான் அது இருந்தது.

திருத்தம் எழுதினேன். இயங்குதளம் படித்து முடிக்கும் வரை டிரைவர் எழுத முடியாதபடி பட்டியலுக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான். அக்கா படித்துவிட்டு, "இங்க பூட்டு போட்ட, அங்க திறக்க மறந்துட்ட" என்று ஒன்றைக் காட்டினார். அதையும் சரிசெய்தேன். ஆனால் சோதிக்கக் கூட்டம் வேண்டும். அடுத்த பௌர்ணமி டெலிவரி தேதிக்கு அப்பால் இருந்தது.

"கூட்டம்தானே. எங்கண்ணன் கடையில இருக்கு" என்றார் அக்கா.

அவர் அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய மொபைல் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். மறுநாள் அவரே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பிரியாணி அண்டா. உள்ளே துணி சுற்றிய போன்கள்.

"வாங்க பாய்" என்றேன்.

"எங்க மச்சான் கடை அண்டா தம்பி, நசுங்காம திரும்பணும். போனுங்க நசுங்கினாகூட பரவால்ல." தங்கையைப் பார்த்தார். "ஏம்மா, இத்தினி போன வெச்சு இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா ஆன் பண்ணி வெப்பேன்."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானா."

மேசை மேலும் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் போன்களைப் பரப்பினோம். சார்ஜ் போட பிளக் போதாமல் கீழே டைல்ஸ் கடையிலிருந்து ஒயர் இழுத்தோம். ஒவ்வொன்றிலும் ஹாட்ஸ்பாட்டை இயக்கினோம். சிலதில் பழைய சொந்தக்காரர் வைத்த பெயர் அப்படியே இருந்தது. 'சும்மா நெட் கிடைக்காது' என்று ஒன்று. 'மாமா பார்த்துட்டாரு' என்று ஒன்று. 'அம்மா' என்று மட்டும் ஒன்று. அதன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அக்கா அதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஜன்னலில் வைத்தார்.

போன்களை அணைத்து அணைத்து மறுபடி இயக்கி, கூட்டம் நகர்கிற மாதிரியும் செய்து பார்த்தோம். பழைய டிரைவரைப் போட்டதும் கருவி நின்றது. புதியதைப் போட்டோம். ஓடியது. சாயங்காலம் வரை ஓடியது. மறுநாளும் ஓடியது.

அறிக்கை அனுப்ப நான் உட்கார்ந்தபோது சீனியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் ரெண்டு மூணு வாரம் டெஸ்ட் பண்ணறோம்னு எழுது."

"எதுக்கு சார்? முடிஞ்சுடுச்சே."

"அதான் சொல்றேன். மெதுவா முடி."

"சரி பண்ணலன்னா மூடிடுவாங்க சார்."

"சரி பண்ணாலும்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. பெங்களூரிலிருந்து கசப்போடு வந்தவர் பேச்சு என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"ஓடறத ஓடலன்னு எப்படி எழுதறது? அனுப்பு தம்பி" என்றார். அனுப்பினேன்.

மேலாளர் அந்த வாரமே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. எங்களைப் பாராட்டினார். கருவிக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார். பிறகு அதே சந்தோஷத்தோடு, "போர்ட்டிங் முடிஞ்சுது. இனிமே சின்னச் சின்ன வேலைதான், அத இங்கயே பாத்துக்குவாங்க. தனியா ஒரு ஆபீஸ் வேணாம்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. உங்க யாரையும் வேலைய விட்டு அனுப்பல, கவலப்படாதீங்க. இங்க வந்துடுங்க, எல்லாருக்கும் சீட் இருக்கு" என்றார்.

சீனியர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் அக்கா. போன் வைத்ததும் எழுந்து, ஒவ்வொரு போனாக எடுத்து ஹாட்ஸ்பாட்டை அணைக்க ஆரம்பித்தார். மேசையில் இருந்த கருவியின் பட்டியல் ஒவ்வொரு பெயராகக் குறைந்தது. கடைசியில் எங்கள் ஆபீஸ் வைஃபை மட்டும் இருந்தது.

மறுநாள் கேட்டேன். "வீட்ல பேசினீங்களாக்கா?"

"பேசினேன். மாமனாரு 'பாத்துக்கலாம்மா'ன்னாரு. எங்க வீட்ல பாத்துக்கலாம்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவரு போன பாத்துனு இருந்தாரு." துணியில் போன்களைச் சுற்றி அண்டாவில் அடுக்கினார். "சென்னைல எங்க சித்தி வீடு இருக்கு, அங்க தங்கிக்கறேன்னுகூட சொல்லிப் பாத்தேன். பிள்ளைய யாரு பாக்கறதுன்னாங்க. இப்ப பாக்கறவங்கதான் பாக்கணும். அதச் சொன்னா சண்ட வரும். சொல்லல."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மேலாளரிடம் பேசுகிறேன், வீட்டிலிருந்தே வேலை கேட்கலாம் என்றேன். கேட்டும் பார்த்தேன். கருவிகளைக் கையில் வைத்துச் சோதிக்க வேண்டிய வேலை, வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்றார் அவர். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

கடைசி நாளில் நாற்காலிகளை ஒரு வேனில் ஏற்றினார்கள். அந்த வழியாக வேறொரு கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நின்று மேலே பார்த்தார். "காலி பண்றாங்களா? நல்ல பில்டிங்காச்சே" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் நான் சென்னை கிளம்ப வேண்டும். அன்றும் அம்மா வாசலில் மேசை போட்டார். ஒப்படைக்காமல் வைத்திருந்த ஒரு கருவியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கூட்டம் ஏறியது. போன மாதத்தைவிட ஜாஸ்தி. கருவி ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் வந்தன, போயின. அது நிற்கவில்லை.

அக்கா கூப்பிட்டார். பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"நின்னுச்சா?"

"இல்லக்கா."

"கூட்டம் இருக்கா?"

"நிக்க எடம் இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "அக்கா?" என்றேன்.

"இருக்கேன். நீ பூட்டு திறக்க மறந்தியே, அத நான் பாக்காம விட்டிருக்கலாம் தம்பி."

"நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன்." உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வெக்கறேன். போய்ச் சேந்ததும் சொல்லு" என்றார். வைத்துவிட்டார்.

"டப்பா நின்னுபோச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. ஓடுது."

"ஓடுதுன்னா ஏன்டா மூஞ்சிய அப்படி வெச்சினு இருக்க? கப்பை எடு."